விமான நிலைய ஐந்திணை: கச்சேரிக் குழுவின் ஒரு நாள் பயணம் குறித்த திறனாய்வு

தமிழாய்வில் திணை காணப்படாமல் மிஞ்சியிருக்கும் இடங்கள் குறைவு. பேருந்து நிலையம், டீக்கடை, ரேஷன் கடை வரிசை என எல்லாவற்றிலும் முதல், கரு, உரிப்பொருள்கள் கண்டெடுக்கப்பட்டுக் கருத்தரங்கக் கோவைகளில் அடக்கமாகிவிட்டன. தப்பிப் பிழைத்தது ஒன்றுதான்: ஜனவரியில் சென்னையிலிருந்து தில்லிக்குப் பறக்கும் கர்நாடக இசைக் குழுவின் ஒரு நாள். அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது.

ஆய்வு எல்லை: குழு என்பது பாடகர், வயலின், மிருதங்கம், கடம் ஆகிய நால்வர். பாடகருக்குத் திணை இல்லை. அவர் கருவி தொண்டையில் இருப்பதால் அதை எவரும் எடை போடுவதில்லை. தம்புரா கைபேசிக்குள் குடிபோய்விட்டதால் ஆய்விலிருந்து நீக்கப்படுகிறது.

மருதம்: பொழுது வைகறை, நிலம் பெட்டி போடும் கவுன்டர், ஒழுக்கம் ஊடல். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோ, உள்ளே போடும் பெட்டிக்குப் பொதுவாக 15 கிலோ. மிருதங்கம், அதன் மெத்தை உறை, பட்டு வேட்டி, ஜிப்பா அனைத்தையும் பதினைந்துக்குள் அடக்கச் சொல்லும் கவுன்டர்ப் பெண்ணோடு வித்வான் ஊடுகிறார். வாயிலாகச் சபாச் செயலாளருக்குப் போன் போடப்படுகிறது. அவர் எடுப்பதில்லை.

பாலை: மிருதங்கம் தனிக் கதவு வழியே பிரிகிறது.

கருப்பொருள் ஆராய்ச்சி: பாதுகாப்புச் சோதனையில் நிற்கும் நேரம் இதற்கு உகந்தது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எனத் தொல்காப்பியர் எண்ணியவற்றுள் பலவற்றை மிருதங்கம் ஒன்றே விழுங்கிவிடும். கொட்டு ஆதலால் பறை. பலாக் கட்டையைக் குடைந்தது ஆதலால் மரம். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமை வாரும் சேர்ந்தது ஆதலால் விலங்கு. யாழுக்குப் பதிலி வயலின். பறவை ஓடுபாதையில் நிற்கிறது. தெய்வம் சபாச் செயலாளர்; அழைத்தும் வராமையின் என்க. தொழில், வரிசையில் நிற்றல். எஞ்சியது உணவு.

இங்கேதான் அறிஞர் உலகம் இரண்டுபட்டது. வித்வானின் கைப்பையில் ஒரு பொட்டலம் ரவை உண்டு. கச்சேரிக்குச் சற்று முன் அதை நீர்விட்டுப் பிசைந்து, உருட்டி, மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியின் நடுவில் கட்டைவிரலால் அப்புவார். தட்டிப் பார்ப்பார். ‘தொம்’ கனத்து விழும்வரை ஒரு சிட்டிகை கூட்டுவார், கிள்ளிக் குறைப்பார். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார். எக்ஸ்ரே எந்திரம் இந்தப் பொட்டலத்தைக் கண்டு நின்றுவிடுகிறது.

“யே க்யா ஹை?”

“ரவா.”

“கிஸ் லியே?”

“வாசிக்க.”

மேலதிகாரி அழைக்கப்படுகிறார்.

ரவை உணவே என்பார் ஓர் உரையாசிரியர், உப்புமா சான்று. உணவன்று, தோலில் அப்பியதை எவரும் உண்ணார் என்பார் அவரை மறுத்தவர். அம்மறுப்பை மறுத்து மூன்றாமவர் எழுதிய, நடுவில் பல ஏடுகளைக் கரையான் கொண்டுபோன விருத்தியுரையில், ‘கரையான் தின்றமையின் ஏடும் உணவு, ஏடே உணவெனின் ரவையைச் சொல்லவும் வேண்டுமோ’ என்ற முடிபு காணப்படுவதாக, அவ்வுரையைக் கண்ணால் காணாத நான்காமவர் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அடிக்குறிப்பிட, அந்த அடிக்குறிப்பை மட்டும் படித்த ஐவர் அதே பட்டத்தை அதே அச்சுப்பிழைகளோடு பெற்றிருக்கிறார்கள்.

மேலதிகாரி பொட்டலத்தை மோந்து பார்த்தார். “சூஜி” என்றார். பையைத் தள்ளிவிட்டார். மூலத்தை நேரில் பார்த்து முடிவு சொல்லும் இம்முறையை ஆய்வுலகம் இன்னும் கைக்கொள்ளவில்லை.

(சுருதி சேர்க்கும் கல்லும் கட்டையும் ஆயுதமா என்பது தனி ஆய்வேட்டுக்கு உரியது.)

முல்லை: தில்லியில் பனிமூட்டம், விமானம் தாமதம். இட்லி விலையைப் பார்த்துவிட்டு ஆற்றியிருத்தல்.

நெய்தல்: நிலம் தில்லியில் பெட்டி வரும் பெல்ட், பொழுது எற்பாடு, ஒழுக்கம் இரங்கல். உரியவர் இல்லாத ஒரு சிவப்புப் பெட்டி மட்டும் சுற்றிச் சுற்றி வந்து பெல்ட் நிற்கிறது. மிருதங்கம் சென்னையிலேயே தங்கிவிட்டது. அதே விமானத்தில் கருத்தரங்குக்கு வந்த பேராசிரியரின் பெட்டியும் வரவில்லை. அவர் இரங்கவில்லை, ஆண்டுதோறும் வாசிப்பது ஒரே கட்டுரை என்பதால் அது மனப்பாடம்.

கைக்கிளை: அமெரிக்கச் செல்லோக் கலைஞர் லின் ஹாரல் தம் செல்லோவுக்குத் தனி டிக்கெட் எடுத்து, அதன் பேரில் மைலேஜ் புள்ளிகளும் சேர்த்துவந்தார். 2012-ல் விமான நிறுவனம் அவரையும் செல்லோவையும் சேர்த்தே திட்டத்திலிருந்து நீக்கியது. மானாமதுரைக் கடத்துக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்த நம் கட வித்வானிடம் இச்செய்தியை இன்னும் யாரும் சொல்லவில்லை.

பெருந்திணை: கச்சேரி மாலை ஆறரைக்கு. ஆர்.கே.புரத்தில் ஒரு மாணவர் வீட்டிலிருந்து மிருதங்கம் இரவல் வருகிறது. பாடகருக்கு ஒரு கட்டை சுருதி. வந்ததோ ஐந்து கட்டைப் பெண்குரலுக்கு வாசிக்கும் சிறிய ஹெச்சு சுருதி மிருதங்கம். பொருந்தாக் காமத்துக்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு கிடையாது. மடலேறுதலும் இத்திணைக்கே உரியது. 2008-ல் விமானப் பயணத்தில் கிதார் உடைந்து இழப்பீடும் கிடைக்காத கனடாப் பாடகர் டேவ் கேரல், 2009-ல் அதையே பாட்டாக்கி யூடியூபில் ஏற்றினார். ஊரறிய நடந்த அந்த மடலைப் பார்த்தவர் கோடிக்கு மேல்.

குறிஞ்சி: பொழுது யாமம், ஒழுக்கம் புணர்தல். அடுத்த விமானத்தில் வந்த மிருதங்கம் லாட்ஜ் வாசலில் இறங்குகிறது. வறண்ட குளிரில் தோல் இறுகிச் சுருதி ஏறியிருக்கிறது. இலக்கணம் இம்மியும் பிசகவில்லை, கச்சேரிதான் முடிந்துவிட்டது.

முடிபு: சபாச் செயலாளர்களே, கச்சேரிக்கு முதல் நாளே குழுவை வரவழையுங்கள். ஓர் இரவு அறை வாடகைதான் கூடுதல் செலவு. இதைச் சொல்லத் தொல்காப்பியம் தேவையில்லை. ஆனால் தொல்காப்பியம் இல்லாமல் சொன்னால் இதைக் கட்டுரை என்று யாரும் ஏற்கமாட்டார்கள்.