துப்பியது யார்?

கொழும்பு–கண்டி வீதியில் பிலிமத்தலாவையின் பித்தளைக் கடைகளைக் கடந்து நடப்பவர்களுக்குத் துப்பல் புதிதல்ல. ஆனால் அது வெற்றிலைத் துப்பல், சிவப்பு. எங்கள் முற்றத்துச் செவ்வரத்தையில் கணுவுக்குக் கணு ஒட்டியிருந்ததோ பால் வெள்ளை. குமிழ் குமிழாக, அப்போதுதான் யாரோ துப்பிவிட்டுப் போனதுபோல இருந்தது.

மனைவி விசாரணையை ஆரம்பித்தார். முதல் சந்தேக நபர் சூன் பாண்காரர். மதிலோரம் ஓட்டோவை நிறுத்துபவர் அவர் ஒருவர்தான் என்பதே குற்றப்பத்திரிகை. மாலைப் பாண் நின்றுவிடுமே என்ற பயத்தில் நான் ஓர் ஈர்க்கை எடுத்துக்கொண்டு தடயவியல் நிபுணரானேன்.

நுரையை விலக்கினால், உள்ளே அரிசிமணி அளவில் இளம்பச்சையாக ஒரு பூச்சி. தலைகீழாக நின்று தண்டில் வாயைக் குத்தியிருந்தது. வீடு பறிபோன பதற்றம் எதுவும் தெரியவில்லை. சற்று மேலே நகர்ந்து, புது இடத்தில் குத்திக்கொண்டு, வால்புறத்தை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கியது. ஆட்டத்துக்கு ஒரு குமிழ் வந்தது. துப்பல் பூச்சியின் குஞ்சு!

"இது எச்சிலே இல்ல" என்று மனைவியிடம் வெற்றிச் செய்தி சொன்னேன்.

"அப்ப என்ன?"

"பின்பக்கத்தால வர்றது."

கொஞ்ச நேரம் செடியையே பார்த்தார். "எச்சிலாவே இருந்திருக்கலாம்" என்றார்.

பாவம், அதன் சாப்பாடு அப்படி. அசுவினி போன்றவை இலையில் தயாராகும் சர்க்கரைச் சாற்றைக் குடிக்க, இது வேரிலிருந்து மேலேறும் தண்ணீரில் வாய் வைக்கிறது. அதில் சத்தென்று சொல்ல அதிகமில்லை. ஆகவே ஓயாமல் குடிக்கிறது. ஒரே நாளில் தன் எடையைப்போல் நூறு மடங்குக்கு மேல் வெளியேற்றுகிறது. அந்தக் கழிவில் பசைபோன்ற ஒன்றைக் கலந்து, காற்றை ஊதி நுரையாக்கி, அதற்குள்ளேயே குடியிருக்கிறது. வெயில் காயவைக்காது, எறும்பும் எளிதில் நெருங்காது. கழிவுநீர் முகாமைத்துவம் பற்றி நகரசபைகள் கற்றுக்கொள்ள இடமுண்டு.

எங்கள் பகுதியில் பூச்சியைவிட ஆலோசனை அதிகம். பேராதனைப் பூங்கா, பல்கலைக்கழக விவசாய பீடம், மகாவலிக்கு அப்பால் கன்னொறுவை ஆராய்ச்சி நிலையங்கள் என்று சுற்றிலும் இருப்பதால், இங்கே மரக்கறிக்கடைக்காரருக்கும் பூச்சியியல் தெரியும். ஒருவர் சாம்பல் என்றார், இன்னொருவர் வேப்பெண்ணெய், மூன்றாமவர் உள்ளியும் மிளகாயும் அரைத்த கஷாயம். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு போத்தலுடன் வந்தார். 2021இல் விவசாய இரசாயன இறக்குமதிக்குத் தடை வந்தபோது பதுக்கியது. தடை அதே ஆண்டில் நீங்கிவிட்டது, போத்தல் நீங்கவில்லை.

அவரையும் குறை சொல்ல முடியாது. 2008இல் பப்பாசி மாவுப் பூச்சி நாட்டுக்குள் வந்து படுத்திய பாட்டுக்குப் பிறகு, செடியில் வெள்ளையாக எதைக் கண்டாலும் நமக்குக் கை போத்தலைத் தேடுகிறது. தொட்டால் வித்தியாசம் தெரியும். மாவுப் பூச்சி மாவாக ஒட்டும். இது ஈரமாக விரலில் வழியும். தொடுவதற்குத்தான் வீட்டில் ஆளில்லை.

தென் இத்தாலியில் 2013இல் கண்டுபிடிக்கப்பட்ட நோயொன்றில் லட்சக்கணக்கான ஒலிவ மரங்கள் கருகியதற்கு துப்பல் பூச்சி வகையொன்றும் காரணம்தான். அங்கே மரத்தைக் கொன்றது அது உறிஞ்சிய தண்ணீர் அல்ல, சுமந்து போன பாக்டீரியா. வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து நுரைக்காகச் செடி சாகாது. மிஞ்சினால் தளிர் கொஞ்சம் கோணும். மருந்தடித்தாலோ அது நுரையின் மேலேயே வழிந்துவிடும். உள்ளே இருப்பவருக்குச் செய்தியே போகாது, பக்கத்துச் சிலந்திக்கும் தேனீக்கும்தான் போகும்.

வளர்ந்த பூச்சியைப் பிடிக்கலாமென்று நினைக்க வேண்டாம். ஆறு மில்லிமீற்றர் நீளமுள்ள ஐரோப்பிய வகையொன்று எழுபது சென்ரிமீற்றர் உயரம் தாவும் என்று கேம்பிரிட்ஜ் விலங்கியலாளர் மல்கம் பரோஸ் 2003இல் அளந்து சொன்னார். தெள்ளுக்கும் அது முடியாது.

ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தி, காலையில் செடிக்குப் பீய்ச்சினேன். நுரையும் குஞ்சும் கீழே போயின. திரும்ப வந்தவற்றுக்கும் அதே குளியல்தான்.

செடி தளிர்த்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அண்ணன் மதிலுக்கு மேலால் எட்டினார்.

"என்ன மருந்து சேர் அடிச்சீங்க?"

"தண்ணி."

"தண்ணியில என்ன கலந்தீங்க?"

"ஒண்ணும் கலக்கல."

"சொல்ல விருப்பமில்லேன்னா விடுங்க சேர்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.