நீருக்குள் நெருப்பு

கேள்வி: நீருக்கடியில் வெல்டிங் செய்யும் கம்பெனி தேனியில் தொடங்கினால் ஓடுமா? (வாசகர், கம்பம்)

பதில்: தண்ணீர் இருக்கிறது, வேலை இல்லையே! 1895-இல் கட்டிய முல்லைப் பெரியாறு, சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கல் அணை. அதில் வெல்டிங் ராடு எங்கே ஒட்டும்? இரும்பு என்று பார்த்தால் மதகு ஷட்டர்கள், லோயர் கேம்ப் மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்கள். குழாயில் நீரை அடைத்துவிட்டு வெளியிலேயே பற்றவைக்கலாம், உறுதியும் அதிகம். ஈரத்தில் வைத்த பற்று சட்டென்று குளிரும், ஹைட்ரஜன் புகும், விரிசல் விடும். சோவியத் விஞ்ஞானி கிரெனோவ் 1932-இல் தொடங்கிய இந்தக் கலைக்குக் காசு கொட்டுவது, பழுதானதைக் கரைக்குக் கொண்டுவரவே முடியாத மும்பை ஹை எண்ணெய் மேடைகள் போன்ற இடங்களில்தான். கம்பெனியைக் கடலோரம் போடுங்கள், முக்குளிப்பவர் உயிருக்கு முதலில் காப்பீடு எடுங்கள். லாபத்தில் கம்பத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம் வாங்கலாம்!