பெரியம்மா ஒப்புக்கொள்ளும் வெள்ளை

காட்பாடிக்காரர்களுக்குக் கல்யாணப் பூ சொல்வது கால் மணி நேர வேலையாக இருந்தது. பாலாற்றுப் பாலம் தாண்டி, வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் நுழைந்து, "ரெண்டு ஜோடி மாலை, நூறு முழம் மல்லி" என்று அட்வான்ஸ் கொடுத்தால் தீர்ந்தது. இப்போது மணப்பெண் போனும் கையுமாக வருகிறாள். வெள்ளை, ஐவரி, வெளிர் ரோஸ், பெய்ஜ். சிவப்பு மட்டும் கண்ணில் படக்கூடாது.

பூக்காரர் எதையும் கட்டிக் கொடுப்பார். கூட வந்த பெரியம்மாதான் விடமாட்டார். முழு வெள்ளை மாலையைக் கண்டதும், "எந்த வூட்ல சாவு?" என்பார். சம்பங்கி விஷயத்தில் அவர் கேட்பது நியாயம். மணவறைக்கும் பாடைக்கும் ஒரே முகத்தோடு போய்வருகிற பூ அது. அதன் பூர்வீகம் மெக்சிகோ என்றால், "அங்கியே அனுப்பிடு" என்பார். அதே சம்பங்கிக்கு இடையில் நாலு ரோஜாவைச் செருகிவிட்டால் போதும், மங்கலம் திரும்பிவிடும்!

ஜப்பானியப் பெரியம்மாக்களும் இவர் கட்சிதான். அங்கே வெள்ளைச் சாமந்தி இழவு வீட்டுப் பூ. பிரான்சில் நவம்பர் பிறந்தால் சாமந்தித் தொட்டிகள் கல்லறைக்குப் போகும். எதிர்க்கட்சிக்கு விக்டோரியா ராணி இருக்கிறார். 1840இல் வெள்ளை உடையும் தலையில் ஆரஞ்சு மரத்து வெள்ளைப் பூக்களுமாக அவர் மணந்துகொண்ட பிறகு அந்த நாகரிகம் பரவியது.

ராணி வரை போவானேன்? ஆம்பூர், வாணியம்பாடி நிக்காஹ்களில் மாப்பிள்ளை முகத்தை மறைக்கும் சேராவில் மல்லிகைக்குப் பெரிய பங்கு உண்டு. சர்ச் கல்யாணப் பொக்கேவும் வெள்ளைதான். மொய் எழுத அங்கெல்லாம் போகும் பெரியம்மா வாயே திறப்பதில்லை.

வெளிர் நிறத்தில் பிழைக்கிற வட்டாரம் வேறு இது. குரோமில் பதனிட்ட தோல் வெளிர் நீலமாக வரும். 'வெட் புளூ' என்பார்கள். ஆவாரம்பட்டையில் ஊறியது இளம்பழுப்பு. ஷூ கம்பெனிச் சித்தப்பா ஐவரியையும் பெய்ஜையும் தூக்கத்தில்கூடப் பிரித்துச் சொல்வார். பூக்கடைக்கு வந்தால் அவருக்கும் எல்லாம் "லைட் கலரு".

உண்மையில், போன் படத்து நிறங்கள் பூக்காரரின் கூடையிலேயே கிடக்கின்றன. ஜாதிமல்லி மொட்டின் வெளிப்புறம் லேசான ரோஸ். பன்னீர் ரோஜாவும் அப்படியே. தாழம்பூ மடல் வெளிர் மஞ்சள், மரிக்கொழுந்து சாம்பல் பூத்த பச்சை. போதாததற்கு ஓசூர்ப் பண்ணைகளில் கார்னேஷன், ஜெர்பரா. சம்பங்கியோடு மரிக்கொழுந்தையும் பன்னீர் ரோஜாவையும் சேர்த்துக் கட்டினால் பெண் அதைப் பேஸ்டல் என்பாள். பெரியம்மா கதம்பம் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்.

பெய்ஜ் மட்டும் பாக்கி. அதற்கும் வழியிருக்கிறது. மல்லி மொட்டு அந்தியில் அவிழும், விடிந்தால் பழுப்பேறும். முந்தின நாள் ரிசப்ஷனுக்குச் சூடியதை எடுக்காமல் விட்டால் முகூர்த்தத்துக்குள் கேட்ட நிறம் வந்துவிடும். பூக்காரர் இதற்குத் தனியாகக் காசு கேட்பதில்லை.