பாயும் காரும் காய்ந்த ஹோஸும்

பழைய வேகக் கார்களின் பெட்ரோல் குழாய் பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: என்னிடம் 2001 மாடல் ஹோண்டா சிட்டி வி-டெக் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே எடுப்பேன். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். அதிகம் ஓடாத வண்டிக்கு எதற்கு?

பதில்: ரப்பருக்கு ஓடோமீட்டர் படிக்கத் தெரியாது, காலண்டர்தான் தெரியும். 106 குதிரைகளை வாரம் ஒருமுறை மட்டும் அவிழ்த்துவிட்டாலும், பானெட்டுக்குள் இருக்கும் ஹோஸுக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். ரப்பரை வளையும்படி வைத்திருக்கும் சேர்மானங்களைப் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும். வண்டி நின்று ஹோஸ் உலரும்போது அது சுருங்கி, இறுகி, வெடிப்பு விடும். நிற்கிற வண்டிக்குத்தான் இந்த வைத்தியம் முக்கியம். என் ஓட்டு மெக்கானிக்குக்கே.

கேள்வி: மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹோஸை விரலால் அழுத்துங்கள். கட்டையாக இருந்தாலும் தப்பு, கொழகொழவென்று அமுங்கினாலும் தப்பு. லேசாக வளைத்து, கிளாம்ப் கடிக்கும் ஓரத்தைப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தலைகாட்டும். காலையில் ஷெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை அடித்தால் ஆராய்ச்சி போதும், வேலையைத் தொடங்குங்கள்.

பானெட்டோடு நின்றுவிடாதீர்கள். பம்பிலிருந்து ஃபில்டருக்கு, ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்கு, மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன், ஆவி போகும் ஹோஸ், பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து இறங்கும் தடித்த ஹோஸ் என்று எல்லாமே ஒரே வயதுக்காரர்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது அடுத்த மாதம் மனு கொடுக்கும்.

கேள்வி: எல்லாப் பழியும் எத்தனாலுக்குத்தானா?

பதில்: பாதிப் பழி. இந்தியாவில் 5 சதவீதக் கலப்புத் திட்டமே 2003-ல்தான் தொடங்கியது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2001-ல் உங்கள் காரின் ஹோஸைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஜோசியம் பார்த்திருந்தால்தான் உண்டு. பழைய நைட்ரைல் ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், உலர்ந்தால் இறுகும். காற்றிலிருக்கும் ஈரத்தையும் எத்தனால் இழுத்துக்கொள்வதால், இரும்புக் குழாய்க்கு உள்ளே துருப் பிடிக்கும். மீதிப் பாதிப் பழி வயதுக்கும் இன்ஜின் சூட்டுக்கும். எத்தனாலே இல்லாத காலத்திலும் 20 வருட ஹோஸ் வெடிக்கத்தான் செய்தது.

கேள்வி: கடையில் ‘பெட்ரோல் ஹோஸ்’ என்று கேட்டால் மூன்று விலையில் மூன்று காட்டுகிறார்கள். எதை வாங்க?

பதில்: விலையைக் கேட்குமுன் ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்6’ அல்லது ‘ஆர்7’ என்றிருந்தால் கார்புரேட்டர் வண்டிக்கானது. அங்கே அழுத்தம் 0.2 முதல் 0.4 பார்தான். எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்‌ஷன்) வண்டிக் குழாயில் 3 பார் அளவுக்கு நிற்கும். அதற்கு ‘ஆர்9’ வேண்டும். அதன் உட்சுவர் ஃப்ளூரோ ரப்பர். எத்தனாலையும் தாங்கும், ஆவியையும் அவ்வளவாக வெளியே விடாது. போர்ஷே 911 எஸ்சி போன்ற கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அழுத்தம் 5 பாரைத் தொடும். அங்கே ஹோஸும் கிளாம்பும் ஆகாது. முனையோடு அழுத்திப் பொருத்திய லைன்தான் வேண்டும்.

ஒன்றுமே அச்சிடாத ஹோஸைக் காட்டி ‘ஒரிஜினல் சார்’ என்றால், செடிக்குத் தண்ணீர் விட வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்ரோல் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிற கலர் ட்யூப் போடலாமா? அழகாக இருக்கிறதே!

பதில்: முதலில் உள்ளே ஓடுவது தெரியும். பிறகு வெளியே ஓடுவதும் தெரியும்.

கேள்வி: கிளாம்ப்புகள் புதுசுபோல இருக்கின்றன. அவற்றையே திரும்பப் போடலாமா?

பதில்: பட்டையில் வரிவரியாக வெட்டுள்ள ஸ்குரூ கிளாம்ப்பா? அந்த வெட்டுக்குள் ரப்பர் பிதுங்கி அறுபடும். ஓரம் மடித்த, உட்புறம் வழவழப்பான இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் வாங்குங்கள். முழு முறுக்கில் ஹோஸை நசுக்கிவிட்டால் புதுக் கிளாம்ப்பும் பழைய வேலையைத்தான் செய்யும்.

கேள்வி: பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. அங்கிருக்கும் துண்டு ஹோஸுக்கும் ஆர்9 போதுமா?

பதில்: போதாது. ஆர்9-க்கு உள்ளேதான் காப்பு. வெளித்தோல் நாள் முழுக்கப் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கச் செய்ததல்ல. டேங்குக்குள் ‘ஆர்10’ மட்டுமே. அங்கே தப்பான ஹோஸ் கரைந்தால் வெளியே ஒரு சொட்டும் சிந்தாது. அழுத்தம் மட்டும் இறங்கும். நீங்கள் பம்ப், இன்ஜெக்டர், பிளக் என்று வரிசையாக மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: ரேஸ் கார்களில் இருப்பதுபோல ஸ்டீல் வலை பின்னிய ஹோஸ் போட ஆசை.

பதில்: ஆசை தப்பில்லை. வலைக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சாதாரண ரப்பர் என்றால் கொஞ்ச நாளில் ஷெட் முழுக்க வாசனை. வெடிப்பும் வலைக்கு அடியில் மறைந்துகொள்ளும். டெஃப்லான் உட்குழாய் என்றால் நல்லது. அதிலும் கார்பன் கலந்த கருப்பு உட்குழாய் வாங்குங்கள். பெட்ரோல் ஓட்டத்தில் சேரும் நிலைமின்சாரம் வழிந்து போக அது உதவும். இன்னொன்று: ஸ்டீல் வலை ஒரு அரம். பக்கத்தில் உரசும் வயரையும் அலுமினியத்தையும் ராவித் தள்ளிவிடும். இடையிடையே ரப்பர் வைத்த கிளிப் போட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: அடியில் போகும் இரும்பு லைன் துருப்பிடித்துவிட்டது. ஏசி மெக்கானிக்கிடம் செம்புக் குழாய் இருக்கிறது...

பதில்: ஏசிக்கே இருக்கட்டும். அதிர்வில் செம்பு இறுகி விரிசல் விடும். பெட்ரோலைச் சீக்கிரம் பிசினாக்கவும் செய்யும். இரும்புக்கு இரும்பு, அல்லது செம்பு-நிக்கல் கலப்புக் குழாய் போடுங்கள். ஹோஸ் ஏறும் முனையில் சிறு வரப்பு எழுப்பச் சொல்லுங்கள். மொட்டைக் குழாயில் மாட்டிய ஹோஸை 3 பார் அழுத்தம் ஒருநாள் கழற்றிவிடும்.

கேள்வி: இந்த வேலையை நானே செய்யலாமா?

பதில்: பொறுமையும் வெளிக்காற்றும் இருந்தால் செய்யலாம். முதலில் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். சாவியை அணைத்துவிட்டாலே அழுத்தம் போய்விடும் என்று நம்பாதீர்கள். பம்பிலிருக்கும் வால்வு அதைப் பிடித்து வைத்திருக்கும். பிறகு பேட்டரி மைனஸைக் கழற்றி, டேங்க் மூடியைத் தளர்த்தி, ஜாயின்டைத் துணி சுற்றித் திறவுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைப் பூஜை விளக்கையும் விசாரிக்கும். மழைநாளில் ஷெட் கதவை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும்.

முடிந்ததும் சாவியை ஆனில் நாலைந்து தடவை வைத்து எடுங்கள். பம்ப் லைனை நிரப்பும். இன்ஜினை ஓட்டுமுன் ஒவ்வொரு ஜாயின்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓடி, சூடாகி, ஆறிய பிறகு மறுபடி ஒருமுறை.

கேள்வி: அப்பா பத்மினியில் ஊட்டி ஏறும்போது பெட்ரோல் பம்புக்கு ஈரத்துணி சுற்றுவார். என் எம்பிஎஃப்ஐ வண்டிக்கும் சுற்றலாமா?

பதில்: அப்பா செய்தது சரி. கார்புரேட்டர் வண்டியின் குறைந்த அழுத்தத்தில் சூடேறிய பெட்ரோல் கொதித்துக் குமிழியாகிவிடும். பம்பால் குமிழியைத் தள்ள முடியாது. உங்கள் வண்டியில் 3 பார் அழுத்தம் கொதிநிலையை உயர்த்திவிடுகிறது. ரிட்டர்ன் லைன் உள்ள வண்டியில் பெட்ரோல் சுற்றிச் சுற்றி வந்து சூட்டையும் எடுத்துப்போகும். துணியைக் கண்ணாடி துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். புது ஹோஸை மட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் போகவிடாதீர்கள்.

கேள்வி: பெரிய பிஸ்டன் போட்டு முடுக்கிவிட்ட பழைய பீட்டில் வைத்திருக்கிறேன். அந்த வண்டி தீப்பிடிக்கும் என்று பயமுறுத்துகிறார்களே?

பதில்: பயமுறுத்தியவர்கள் உங்கள் நண்பர்கள். இன்ஜின் பின்னால், டேங்க் முன்னால். லைன் வண்டி நீளம் வந்து, இன்ஜினைச் சுற்றிய தகரத்தின் ஓட்டை வழியே நுழைகிறது. அந்த ஓட்டையின் ரப்பர் வளையம் போய்விட்டால் தகரம் ஹோஸை அறுக்கும். கார்புரேட்டரில் செருகிய பித்தளை முனையும் தளர்ந்து கழன்றுவரும். பெட்ரோல் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் வழியும். ஃபில்டரை அந்த முனையில் தொங்கவிடாதீர்கள். நூல் பின்னிய ஹோஸ் என்றால் வெடிப்பு வெளியே தெரியாது, தேதி வைத்து மாற்றுங்கள். இன்ஜின் கூடு மெக்னீசியக் கலவை. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் எரியும்.

கேள்வி: கையில் இருக்கும் பணத்துக்கு ஈசியூவை (இன்ஜின் கம்ப்யூட்டரை) ரீமேப் செய்வதா, ஹோஸ் மாற்றுவதா?

பதில்: ரீமேப் செய்தால் இன்ஜின் அதிகப் பெட்ரோல் கேட்கும். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கப்போவது எது? ஹோஸ், கிளாம்ப், ஃபில்டர் முதலில். மிச்சமிருந்தால் குதிரைகள்.

கேள்வி: எல்லாவற்றையும் மாற்றிய பிறகு கார் முன்னைவிட வேகமாகப் போகுமா?

பதில்: போகாது. ஆனால் போன வேகத்திலேயே வீட்டுக்குத் திரும்பியும் வரும்.