உஷார் சார்

மாத்தூர் எம்.எம்.டி.ஏ.வில் யாராவது திருப்பதிக்குப் போவதாக வாய்தவறிச் சொல்லிவிட்டால், அந்தச் சேதி ஏழுமலையானுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் உஷார் சாருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவர் உஷார் சார்தான். இந்த ரகத்து ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், வடசென்னையில் விளைவது கொஞ்சம் காரம் கூடுதல்.

மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேஃப்டி பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வால்வு கசிகிறது, எந்த பைப் வேர்க்கிறது என்று முகர்ந்து பார்த்தே ஆயுளில் பாதியைக் கழித்த மூக்குக்கு, ரிட்டயர் ஆன மறுநாள் வேலை இல்லாமல் போயிற்று. மனிதர்களை முகரத் தொடங்கினார். அதற்குத் தோதாக 2018-ல் மாதவரத்தில் புதுப் பஸ் நிலையம் திறந்து, ஆந்திரா வண்டிகளைக் கோயம்பேட்டிலிருந்து அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். திருப்பதி, மாத்தூர்க்காரர்களுக்கு அடுத்த தெரு மாதிரி ஆகிவிட்டது. சாருக்கும் கை நிறைய வேலை.

கம்பெனியில் ஒர்க் பர்மிட் இல்லாமல் ஸ்பேனரைத் தொட முடியாது. அதேபோல அவரிடம் சொல்லாமல் யாரும் பெட்டியைத் தொட முடியாது. புறப்படுவதற்கு முதல்நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்து மாக் டிரில் நடத்துவார். நிஜமாகவே மாக் டிரில்தான். சைரன் மட்டும்தான் கிடையாது.

“நான்தான் புரோக்கர். நீங்க அஞ்சு பேரும் இப்பதான் பஸ்ஸ விட்டு இறங்குறீங்க. ரெடியா?” என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பார். குரல் அப்படியே குழைந்துவிடும். “சாமி, எத்தினி பேரு? இன்னிக்கு க்யூ இருபது மணி நேரமாம். கொயந்தைய வேற தூக்கினு வந்துகீறீங்க, பாவம். உள்ள நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு...”

“தலைக்கு எவ்ளோ?” என்பார் வீட்டுக்காரர்.

“போச்சு! மாட்டிகினியா? எவ்ளோன்னு கேட்டப்பவே பாதிப் பணம் போச்சுப்பா!”

அதற்குள் மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, “நீ சும்மா இருடா. என் முட்டி இருபது மணி நேரம் தாங்குமா? அந்தத் தம்பி என்னமோ நல்லதுதான் சொல்லுது, கேளு” என்று சுருக்குப்பையை அவிழ்ப்பாள். ‘அந்தத் தம்பி’ தலையில் அடித்துக்கொண்டு டிரில்லை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். பாட்டி மறுபடியும் சுருக்குப்பையை அவிழ்ப்பாள்.

சிரிக்கலாம். ஆனால் ஆள் சொல்லும் விவரத்தில் ஓட்டை இருக்காது. முந்நூறு ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டை தேவஸ்தானம் தன் சொந்த இணையதளத்தில் மாதாமாதம் முன்கூட்டியே விடுகிறது. அதில் பெயரும் ஆதார் எண்ணும் ஏறித்தான் வரும். அடுத்தவர் டிக்கெட்டில் நீங்கள் நுழைய முடியாது. ஆகவே வாசலில் ஒருவன் டிக்கெட் விற்கிறான் என்றால், அவன் விற்பது வெறும் தாள். சர்வ தரிசனத்துக்குக் காசில்லை. மொட்டைக்குக் காசில்லை. அன்னதானத்துக்கும் காசில்லை. தரிசனம் முடிந்தால் ஒரு லட்டு சும்மா கிடைக்கும்; அதற்கு மேல் வேண்டுமென்றால்தான் ஐம்பது ரூபாய். “எங்க எது இலவசம்னு தெரிஞ்சிகினாலே பாதித் திருடன் பட்டினி” என்பது அவர் கட்சி. குபேரனிடம் வாங்கிய கல்யாணக் கடனுக்கு இன்னும் வட்டி கட்டுகிறார் என்று சொல்லப்படும் பெருமாளிடம் போய், இவனுங்க நமக்குக் கடன் வைக்கப் பார்க்கிறானுங்களே என்று ஆத்திரப்படுவார்.

அவரே யாத்திரை போகும் அழகு தனி. செருப்பு தொலையும் என்று மாத்தூரிலிருந்தே வெறுங்காலோடு கிளம்புவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, “வேண்டுதலா சாமி?” என்று கேட்டால் மறுக்க மாட்டார், ஜன்னலோர சீட்டு கிடைக்கும். பின்பாக்கெட்டில் ஒரு டம்மி பர்ஸ்: உள்ளே பழைய பஸ் டிக்கெட்டும் ஒரு பத்து ரூபாய்த் தாளும். நிஜப் பணம் உள்பனியனில், ஊக்குப் போட்டு. லட்டு கவுன்ட்டரில் காசு எடுக்க வேண்டுமென்றால் அவர் சட்டையை அவிழ்த்தாக வேண்டும். பின்னால் நிற்கும் வரிசை முழுக்க அந்தத் தரிசனத்தையும் பார்த்துவிட்டுத்தான் நகரும்.

மொட்டை போட உட்கார்ந்தபோது, நாவிதர் காசு கேட்டால் என்ன பதில் சொல்வது என்று மாதவரத்திலிருந்தே ஒரு சொற்பொழிவு தயார் செய்துவைத்திருந்தார். அந்த மனுஷர் எதுவும் கேட்காமல் மழித்து முடித்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இவருக்கு எழுந்திருக்கவே மனசில்லை. “ஏன் கேக்கல? இதுல இன்னாவோ இருக்கு” என்று திரும்பி வரும் வழியெல்லாம் சந்தனம் பூசிய தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

ராமேஸ்வரத்துக்கு வாளியும் கயிறும் எடுத்துக்கொண்டு போனவர் இவர். கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம். கவுன்ட்டரில் டிக்கெட் வாங்கினால் இறைத்து ஊற்றுவார்கள். தனியாக ஊற்றுகிறேன் என்று ஓரம் கட்டுகிறவர்களிடம் வாய் கொடுக்கக் கூடாது. இவ்வளவும் தெரிந்தவர், இறைப்பதும் நானே என்று தீர்மானித்தது கொஞ்சம் அதிகப்படி. வாளியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். (ரயிலில் அந்த வாளியைப் பார்த்தும் ஒருவர் வேண்டுதலா என்று கேட்டிருக்கிறார்.) உள்ளே போனவர் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு விரலை மடக்கிக் கணக்கு வைத்துக்கொண்டார். முடிவில் இருபத்தொன்றுதான் வந்தது. ஒரு தீர்த்தம் பாக்கி என்று ஈர வேட்டியோடு பஞ்சாயத்து வைத்தார். “பதினாலாவதுல கண்ணத் தொடச்சினு இருந்தீங்க, விரல மடக்கல, நட” என்று அவர் மனைவிதான் இழுத்துக்கொண்டு வந்தார்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் மற்ற உபதேசிகளைவிட ஒரு படி மேல். ஏமாற்றுகிறவன் பொய் சொல்வதில்லை, முக்கால் உண்மைதான் சொல்வான் என்பதைப் பிடித்துவைத்திருக்கிறார். காஞ்சிபுரத்தில் மத்தியானம் இறங்கினால், “நடை சாத்திட்டாங்க சார், நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க” என்பார் வண்டிக்காரர். அது சத்தியம். “அதுவரைக்கும் வெயில்ல இன்னா பண்ணுவீங்க, சொசைட்டி ஒண்ணு இருக்கு, சும்மா பாருங்க” என்பதில்தான் கமிஷன் ஆரம்பிக்கிறது. பெயர்ப்பலகை கூட்டுறவுச் சங்கம் மாதிரியே இருக்கும். சங்கம் மட்டும் இருக்காது. பட்டென்றால் சில்க் மார்க் இருக்கிறதா என்று பார், பில் கேள் என்பார் சார். காசியில் மணிகர்ணிகைப் படித்துறைக்குப் போனால் ஒருவர் சாந்தமாக வந்து, அநாதைப் பிணங்களை எரிக்க விறகு வாங்கித் தந்தால் புண்ணியம் என்பார். பிணம் எரிவது கண்ணெதிரே தெரிகிறது. விறகு விலை அதிகம் என்பதும் உண்மை. அந்த ஆளுக்கும் விறகுக்கும்தான் சம்பந்தம் இருக்காது. சாவின் முன்னால் நின்றுகொண்டு பேரம் பேச யாருக்கு மனசு வரும்?

இதில் எனக்கு அவரோடு ஒரு சண்டை உண்டு. திருடனைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர், நம்மைப் பற்றிப் பேசுவதே இல்லை. புரோக்கர் விற்கும் சரக்கு ஒன்றே ஒன்று: முன்னால் நிற்பவனைத் தாண்டிப் போகும் வழி. அதை வாங்க ஆள் இருக்கும்வரை அவன் கடையை மூட மாட்டான். “உள்ள நம்ம ஆளு இருக்கார்” என்ற வார்த்தையைக் கேட்டதும் முகம் மலராத தமிழனை நான் பார்த்ததில்லை. பாட்டிக்காவது முட்டிவலி. நமக்கு என்ன வலி?

சந்தேகம் முற்றிப்போனால் உள்ளூரிலும் விடாது. நம் பக்கத்தில் பௌர்ணமிக்கு மூன்று அம்மனை ஒரே நாளில் பார்க்கும் வழக்கம் உண்டு: மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். சாருக்குத் தெரியாத ஆட்டோவே கிடையாது. வந்தவன் எதிர்வீட்டுப் பையன். அவனிடமே வாடகை, வெயிட்டிங், எந்த ரோடு, எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு குறுக்கு விசாரணை. “இன்னா சார், நான் உங்க மடியில வளந்தவன் சார்” என்றான் அவன். “அதனாலதான்டா கேக்குறேன்” என்றார் இவர். ஐம்பது ரூபாய் குறைத்தார். அந்தப் பஞ்சாயத்தில் கரைந்த நேரத்தில் அன்றைக்கு இரண்டு அம்மன்தான் பார்க்க முடிந்தது. கொடியிடையாள் அடுத்த பௌர்ணமிவரை காத்திருந்தாள்.

இப்படிப்பட்டவரை யார் ஏமாற்ற முடியும்? வேட்டி கட்டிய புரோக்கரால் முடியாதுதான். 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம், கேதார்நாத், சார்தாம் யாத்திரைக்கு ஹெலிகாப்டர், தங்கும் அறை என்று போலி இணையதளங்கள் முளைத்திருப்பதாக எச்சரித்தது. கேதார்நாத் ஹெலிகாப்டருக்கு ஐ.ஆர்.சி.டி.சி.யின் தளம்தான் வழி என்றும் சொன்னது. அதைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் மூன்று தடவை போட்டவர் சார்தான். ஹெலிகாப்டரில் ஏறும் உத்தேசம் உள்ளவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு புரட்டாசியில் அவரே வெளியூர்க் கோயிலுக்குக் கிளம்பினார். தங்க அறை தேடினார். கூகுளில் முதலில் வந்த தளத்தின் நெற்றியில் சிவப்பு எழுத்தில், ‘எங்கள் பெயரில் போலி இணையதளங்கள் இயங்குகின்றன, பக்தர்கள் உஷாராக இருக்கவும்’ என்று போட்டிருந்தது. சார் உருகிவிட்டார். “பாத்தியா, எவ்ளோ பொறுப்பா எழுதியிருக்கான்!” என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, இரண்டு நாள் வாடகையை க்யூஆர் கோடில் அனுப்பினார். போய்ச் சேர்ந்த ஊரில் அந்த விலாசத்தில் ஒரு பம்ப் செட் ரிப்பேர்க் கடை இருந்தது.

வீட்டுக்குள் புதைத்துவிடலாம் என்றுதான் பார்த்தார். மெட்ரோ வாட்டர் லாரிக்கு நிற்கும்போது அவர் மனைவி, “ஊருக்கே டிரில் எடுக்குறாரு...” என்று ஆரம்பித்துவிட்டார். சாயங்காலமே டீக்கடையில் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். சார் டீயை நிதானமாக ஆற்றினார். “வேணும்னுதான் அனுப்பினேன். எப்பிடி வேல செய்யிறானுங்கன்னு டெஸ்ட் பண்ணேன். மாக் டிரில்!” என்றார். எதிர்வீட்டு ஆட்டோக்காரன் மட்டும், “பாட்டி கூட பொய்க்காசுதான் சார் குடுத்துது” என்றான்.

இருந்தாலும் சொல்கிறேன், மாதவரத்தில் திருப்பதி பஸ் பிடிக்கப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பி அவர் வீட்டு வழியாகப் போங்கள். புரோக்கர் வேஷத்தை இப்போது இன்னும் நன்றாகக் கட்டுகிறார். புறப்படும்போது ஒரு துண்டுச்சீட்டில் 1930 என்று எழுதிக் கையில் திணிப்பார். இணையத்தில் பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டிய அரசு உதவி எண். தைரியமாக வைத்துக்கொள்ளலாம். வேலை செய்கிற எண்தான்; அவரே போட்டுப் பார்த்திருக்கிறார்.