சொட்டு எண்ணுகிறவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியைக் குடித்துவிட்டு, செய்தித்தாளை விரித்து, உலகத்தின் துயரங்களையெல்லாம் சாவதானமாக அனுபவிக்கலாம் என்று நாம் நாற்காலியில் சாய்கிற அந்தச் சுபமுகூர்த்தத்தில், சட்டைப்பையில் ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டி துருத்திக்கொண்டிருக்க, கேட்டைத் திறக்கும்போதே நம் தோட்டக் குழாயின் கழுத்தில் பூத்திருக்கும் வெள்ளைப் படிவை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்து, "என்ன சார், இன்னும் இந்தத் தண்ணிதானா?" என்று துக்கம் விசாரிக்கிற தொனியில் கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கங்களில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். இரண்டு வருஷங்களுக்கு முன்பு வரையில் நம்மைப் போலவே உப்பு பூத்த வாளியில் குளித்து, வேகாத துவரம்பருப்பைத் தின்று, உதிர்கிற தலைமயிருக்குத் தண்ணீரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த சாமான்ய மனிதர். வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைத்த நாள்முதல் ஞானியாகிவிட்டார்.

ஞானம் அவருக்கு லேசில் கிட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். முதலில் வந்த வியாபாரி, குழாயின்மேல் காந்தம் ஒன்றைக் கட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போனான். காந்தம் இன்றும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது ஆள் குடிக்கிற தண்ணீருக்கான ஆர்.ஓ. இயந்திரத்தைக் குளிக்கிற தண்ணீருக்கும் வைக்கச் சொன்னான். மூன்றாவதாக வந்தவனிடம்தான் 25 லிட்டர் ரெஸின் நிரப்பிய நெடிய உருளையும், பக்கத்தில் உப்புக் கரைக்கிற தொட்டியும் வாங்கி, மொட்டை மாடிப் படியின் அடியில் பிரதிஷ்டை செய்தார். நிற்க.

பெட்டிக்கு வருவோம். அதற்குள் ஒரு கண்ணாடிக் குப்பியும் மூன்று சிறு புட்டிகளும் உண்டு. அவர் என்னிடம் அனுமதி கேட்பதில்லை. நேரே சமையலறை வாசலில் போய் நிற்பார்.

"தங்கச்சி, ஒரு டம்ளர் தண்ணி."

"குடிக்கவா அண்ணே?"

"குடிக்கவா! உங்க வீட்டுத் தண்ணியையா!"

குப்பியில் கோடுவரை நீரை அளந்து ஊற்றி, முதல் புட்டியிலிருந்து நவச்சார நெடியடிக்கும் திரவத்தில் சில துளிகள் விடுவார். என் மனைவி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். இரண்டாவது புட்டியிலிருந்து சிறிது சேர்த்ததும் நீர் மாதுளைச் சாற்றின் நிறம் கொள்ளும். அந்தச் சிவப்பைக் கண்டதும் அவர் முகத்தில் படர்கிற திருப்தி இருக்கிறதே, நாடி பிடித்த வைத்தியருக்கு நோயாளியின் வியாதி தாம் நினைத்த வியாதியாகவே அமைந்துவிட்டால் உண்டாகும் திருப்திதான் அது. பிறகு மூன்றாவது புட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்குவார். சிவப்பு மறைந்து சங்குப்பூ நீலம் தோன்றும்வரை எத்தனை சொட்டோ, அத்தனை இருபத்தைந்து நம் தண்ணீரின் கடினம். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. "ஒண்ணு… ரெண்டு… மூணு…" ஒவ்வொரு சொட்டுக்கும் குப்பியை ஒரு சுழற்றுச் சுழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நம்மையும் பார்க்கச் சொல்லி, அப்புறந்தான் அடுத்த சொட்டு. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசலாகாது. குக்கர் கூவினாலும் அவருக்குக் கோபம் வரும். ஒரு தடவை அவர் பதினான்கு என்று சொல்லி நிறுத்திய சமயத்தில் வாசலில் பால்காரர், "பதினெட்டு நாள் பாக்கிம்மா" என்று குரல் கொடுக்க, இவர் தம்மை மறந்து "பத்தொம்போது" என்று தொடர்ந்துவிட்டார். பால்காரர் புண்ணியத்தில் எங்கள் கிணற்றுக்கு ஒரு கணத்தில் 100 கூடிப்போயிற்று. தவறு தெரிந்ததும் வருந்தினாரா? மாட்டார். குப்பியைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு, முதலிலிருந்து எண்ணக் கிடைத்த பாக்கியத்தில் பூரித்துப்போய், "தங்கச்சி, இன்னொரு டம்ளர்" என்றார்.

கல்யாண மண்டபத்தில் சாம்பாரில் பருப்பு தனியாகவும் ஜலம் தனியாகவும் நின்றால் போதும், பரிமாறுகிறவரை நிறுத்தி, "600க்குக் குறையாது" என்பார். ஒரு துக்க வீட்டில் கால் கழுவப் போனவர் குளியலறையிலிருந்து வெகுநேரம் வெளியே வராததைக் கண்டு, அவரும் மயங்கி விழுந்துவிட்டாரோ என்று கதவைத் தட்டினோம். உள்ளேயிருந்து "இருபத்தொண்ணு" என்ற குரல் வந்தது.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் கடினம் 200 வரை இருக்கலாம் என்றும், வேறு கதியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறது. அவருக்கு அது வேதவாக்கு. ரெஸினுக்கு அவர் சொல்லும் ஸ்தலபுராணமும் உண்டு: 1935இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இரண்டு ரசாயன அறிஞர்கள் செயற்கை ரெஸினுக்கு நீரில் கரைந்த உப்பை மாற்றிக்கொள்ளும் குணம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், நொறுங்கிய கிராமபோன் தட்டைச் சோதித்தபோதே அவர்களுக்கு இது புலப்பட்டது என்பார்கள். அந்த வரலாற்றில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நடுவில் அவர் அந்தத் தட்டைப் போலவே கீறல் விழுந்து, சொன்னதையே சொல்வதுதான் வருத்தம்.

அவரை ஒரு தடவை மடக்கிவிடலாம் என்று நானும் பிரயத்தனம் செய்தேன். பேனா வடிவத்தில் விற்கிறார்களே, நீரில் கரைந்த உப்பையெல்லாம் சேர்த்து அளக்கும் டி.டி.எஸ். மீட்டர், அதில் ஒன்றை வாங்கி, அவர் வீட்டுச் சாஃப்ட்னருக்கு முந்தைய குழாயிலும் பிந்தைய குழாயிலும் முக்கி, இரண்டிலும் எண் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்பதைக் காட்டி, "உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று வெற்றிச் சிரிப்புச் சிரித்தேன். அதற்காக நான் அனுபவித்தது ஒன்றே முக்கால் மணி நேரம். சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லையாம், மாற்றுகிறதாம். நீரில் கரைந்திருக்கும் கால்ஷியமும் மக்னீஷியமும் ரெஸினில் ஒட்டிக்கொள்ள, அங்கே குடியிருந்த சோடியம் நீருக்குள் இறங்கிவிடுகிறது. "பஸ்ஸிலேர்ந்து ஒரு குண்டு ஆள் இறங்கினா ரெண்டு ஒல்லி ஆளுங்க ஏறுறாங்க சார். பஸ்ஸோட பாரம் குறையுமா? ஆனா அந்தக் குண்டு ஆள்தான் சோப்பை நுரைக்க விடாம வழியில நிக்கிறவன்." எடைக்கணக்கும் அப்படியேதான்: ஒரு கால்ஷியம் 40, இரண்டு சோடியம் 46. உவமையில் ஓட்டை கண்டுபிடிக்க இன்றுவரை முயல்கிறேன்.

ரெஸினில் சோடியம் தீர்ந்தபின் உப்புக் கரைசலால் கழுவி அதை மறுபடி ஏற்ற வேண்டும். எங்கள் பகுதித் தண்ணீருக்கு 25 லிட்டர் ரெஸின் சுமார் 2,000 லிட்டருக்குமேல் தாங்காது. ஆகவே மூன்று நாளைக்கொரு தடவை, இரவு இரண்டு மணிக்கு, மதிலுக்கு அப்பால் அவர் வீட்டில் யாரோ ராட்சசன் வாய் கொப்பளிப்பதுபோல் ஓசை கேட்கும். ஒவ்வொரு கொப்பளிப்புக்கும் மூன்று நான்கு கிலோ கல்லுப்பு. 1930இல் வேதாரண்யத்தில் ராஜாஜி ஒரு பிடி உப்பு அள்ளியதற்குத் தேசமே கொந்தளித்தது. இவர் மாதா மாதம் 35 கிலோவுக்குக் குறையாமல் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் ஏற்றிக்கொண்டு, முழங்கால்களை அகட்டியபடி தெருவில் வருகிறார். நாயைத் தவிர யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவ்வளவும் சொன்ன வாயால் இதையும் சொல்லவேண்டும். போன மார்கழியில் எங்கள் கீஸர் நின்றுபோனபோது, விடியற்காலை ஆறு மணிக்கு மப்ளரும் ஸ்பானருமாக வந்து அதைக் கழற்றியவர் அவர்தான். உள்ளே இருந்த சூடேற்றும் கம்பி, கம்பியாகவே இல்லை. கடற்கரையில் ஒதுங்கிய பவளக்கிளை மாதிரி விரற்கடைப் பருமனுக்குச் சுண்ணாம்பு பூத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால், முட்டை ஓடு உடைக்கிற பதத்தில் தட்டித் தட்டி, ஓடு ஓடாக உதிர்த்து, மீதியை எலுமிச்சை உப்புக் கரைத்த நீரில் ஊறப்போட்டு, பத்து மணிக்குள் வெந்நீர் வரச் செய்துவிட்டார். காப்பியைத் தவிர ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. உதிர்ந்த ஓடுகளைமட்டும் ஒரு காகிதத்தில் பொதிந்து, மற்றவர்களுக்குக் காட்ட எடுத்துப்போனார்.

அவர் வீட்டிலேயே எண்ணிக்கொள்ளக் கூடாதா என்று நான் ஒரு நாள் அவருடைய மனைவியைக் கேட்டேன். "இங்கே என்னத்தை எண்றது? மருந்தை விட்ட உடனே நீலமாயிடுது" என்றாள் அந்த அம்மாள். எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. பூரணமாக மென்மையான நீரில் எண்ணுவதற்கு ஒரு சொட்டும் இல்லை. சித்தி பெற்றவனுக்குச் செய்ய வேலையில்லாமற்போன வெறுமை; பாவம், அதனால்தான் எங்கள் கிணற்றுக்கு வருகிறார்.

பாவம் என்று அத்துடன் விட்டுவிடுவேன், அந்தக் குழாய் என் கண்ணில் படாமலிருந்தால். இரவு இரண்டு மணிக்குக் கொப்பளித்த ஜலம் எங்கே போகிறது என்று ஒரு நாள் மதிலின் மேலாக எட்டிப் பார்த்தேன். 2003இல் சர்க்கார் கட்டாயமாக்கியதே, மழைநீர் சேகரிப்பு, அதற்காக அவர் மதிலோரம் வெட்டிய குழிக்குள் ஒரு பி.வி.சி. குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. குழிக்கும் எங்கள் உறைகிணற்றுக்கும் இடைவெளி ஆறடி. அவர் தம் தண்ணீரிலிருந்து பறித்த சுண்ணாம்பு, கழுவிய உப்பு, எல்லாம் மூன்று நாளைக்கொரு தடவை அங்கேதான் இறங்குகின்றன. முதல் வருஷம் எங்கள் கிணறு 20 சொட்டு. போன வாரம் 26.

"650 சார்! பொறுத்துக்குற எல்லையையும் தாண்டியாச்சு" என்று குப்பியை வெளிச்சத்தில் பிடித்தபடி, உண்மையான கவலையோடு சொன்னார், மழை சரியில்லை, நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று காரணமும் சொன்னார். நான் அவரை மதிலருகே அழைத்துப் போய் அந்தக் குழாயைக் காட்டி, அதைச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிடும்படி நான்காவது தடவையாகக் கேட்டுக்கொண்டேன். குனிந்து பார்த்தார். பெட்டியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"அட, இதுவா? இது வெறும் உப்புத் தண்ணிதானே சார்."