பழைய பின்னல் மெஷினில் தலைமை உறுப்பு எது? ஓர் ஆராய்ச்சி

தடித்த கம்பளி நூலுக்கான வீட்டுப் பின்னல் மெஷினில் தலைமை உறுப்பு எது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள். மெஷின் என இங்கே சொல்வது, ஜப்பானில் பிறந்து மேலைநாட்டு வீடுகளில் குடியேறிய பிரதர் கேஎச்-260, சில்வர் ரீட் எஸ்கே-155 முதலியவற்றை. மெல்லிய நூல் மெஷினில் ஊசிக்கு ஊசி 4.5 மி.மீ.; ஊசிகள் 200. தடித்த நூலுக்கோ 9 மி.மீ. இடைவெளி, எஸ்கே-155இல் 110 ஊசிகளே.

ஊசியே தலைமை என்பர் ஒரு சாரார். 1840களில் இங்கிலாந்தின் லெஸ்டரில் மாத்யூ டவுன்செண்ட் உருவாக்கிய நாக்கு ஊசி அது. கொக்கி புது நூலைப் பற்றிக்கொண்டு பின்வாங்கும். பழைய கண்ணி நாக்கைத் தள்ளி மூடிவிட்டுத் தலைவழியே கழன்று விழும். அழகான வேலைதான். ஆனால் வளைந்த ஊசியைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றைச் செருகலாம். ஆள் மாறினாலும் வேலை நடக்குமென்றால் அது தலைமை ஆகாது.

ஊசிகளின்மேல் ஓடி அவற்றை இயக்கும் கேரேஜே (carriage) தலைமை என்பாரும் உளர். இடமும் வலமுமாக ஓடிப் பெருஞ்சத்தம் போடுவதே அவர்கள் காட்டும் சான்று. சத்தம் சான்றாகாது. வரிசை எண்ணியும் அவ்வாறே: கேரேஜ் வந்து தட்டினாலொழிய அதற்கு எண்ணத் தெரியாது. நகம்போல் துணியைக் கவ்வித் தொங்கும் எடைகள் கீழே இழுப்பதோடு சரி. கண்ணி மாற்றும் கைக்கருவியோ தேடும்போது இருப்பதில்லை.

இனி நம் துணிபு: தலைமை, ஸ்பாஞ்சுப் பட்டைக்கே உரியது. மெல்லிய உலோகத் தகட்டின் அடியில் ஒட்டிய இந்த ஸ்பாஞ்சு, ஊசிப் படுக்கைக்குள் பக்கவாட்டில் நுழைந்து, ஊசிகள் அத்தனையையும் மேலிருந்து அழுத்திப் பிடிக்கிறது. வெளியே தெரியாது. வயதானால் நசுங்கிப் பிசுபிசுத்துப்போகும். உடனே ஊசிகள் தலைதூக்கும், கேரேஜ் முட்டும், கண்ணிகள் நழுவும். உரிமையாளர் நூலைத் திட்டுவார். கேரேஜுக்கு எண்ணெய் விடுவார். குற்றமற்ற ஊசிகளைக் கொத்தாகப் பிடுங்குவார். பட்டையை உருவிப் பார்ப்பது கடைசியில்தான்.

ஸ்பாஞ்சையும் மாற்றலாமே, ஊசிக்குச் சொன்ன விதி இதற்கு இல்லையா எனின், மாற்றலாம். பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஜன்னல் இடுக்கில் குளிர்காற்று புகாமல் ஒட்டும் நுரைப்பட்டையை ஒட்டினால் போதும். ஆனால் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் முதலில் வருவதில்லை. அங்கேதான் ஊசியிலிருந்து இது வேறுபடுகிறது. ஆகவே தலைமைக்கு இலக்கணமாவது: மறைவில் இருத்தல், எல்லோரையும் அழுத்தி வைத்தல், தான் கெட்டபின் பழியைப் பிறர்மேல் விழவிடுதல். மூன்றும் ஒருங்கே பொருந்துவது இப்பட்டைக்கு மட்டுமே. புதுப் பட்டை நுழைந்து மெஷின் சீராக ஓடியபின், பிடுங்கப்பட்ட ஊசிகளிடம் யாரும் வருத்தம் தெரிவித்ததாகச் சான்றில்லை.